தேக்கு ரீப்பர் வயரிங்கோடு குடித்தனம்: செங்கோட்டை வீட்டு அனுபவம்

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். எங்கள் வீட்டு வயரிங் அதை ஒட்டிய காலத்தது. சுவரில் தேக்கு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்), அதன்மேல் கிளிப் அடித்து இழுத்த ரப்பர் வயர், உருண்டைக் கட்டையில் கறுப்பு பேக்லைட் சுவிட்ச். கீழே தட்டினால் எரியும்.

சுவிட்சில் எனக்குக் குறையே இல்லை. உள்ளே பித்தளையும் ஸ்பிரிங்கும் கெட்டி. வயர் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிவதால் ஆணியடிக்கவும் பயமில்லை.

வில்லங்கம் ரப்பர்தான். செம்பு அப்படியே இருக்கிறது, மேலுறை காய்ந்து உதிர்கிறது. சீலிங் ரோஸை (விளக்கு வயர் தொங்கும் கூரை மூடியை) திறந்த வயர்மேன், "அண்ணாச்சி, வயர ஆட்டாதிய, பொடிஞ்சிரும்" என்றார்.

அதைவிட மோசம் மெயின். பேஸுக்கு (கரண்ட் வரும் வயர்) ஒரு பீங்கான் ஃபியூஸ், நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பும் வயர்) ஒன்று. நியூட்ரல் ஃபியூஸ் உருகினால் விளக்கு அணையும். கரண்ட் போய்விட்டதென்று ஹோல்டரில் கை வைப்போம். அங்கே 230 வோல்ட் அப்படியே நிற்கும். நியூட்ரலில் ஃபியூஸ் கூடாதென்று 1956 மின்சார விதிகளே சொல்லியிருந்தன. முதல் வேலையாக அந்த ஃபியூஸை எடுத்துவிட்டு லிங்க் (உருகாத நேர் இணைப்பு) போட்டோம்.

பிளக் எல்லாம் ரெண்டு பின், எர்த் கிடையாது. மூணு பின் பிளக்கில் எர்த் பின் நீளமாக இருப்பது, அது முதலில் தொடட்டும் என்றுதான். அடாப்டர் சொருகி அதை வெட்டியாக்கி, ஃபிரிட்ஜில் சுரீர் என்கிறது என்று புலம்புகிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

பிறகு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டோம். எர்த் இல்லாத இடத்திலும் ஆள் வழியாகக் கரண்ட் கசிந்தால் விழும். கோடையில் சத்தமே இல்லை. சாரல் தொடங்கியதும் தினம் விழுந்தது. ஒவ்வொரு லைனாகக் கழற்றிப் பார்த்ததில் பின்கட்டு: ஈரம் ஏறிய ரீப்பர், வெடித்த ரப்பர். ஆர்சிசிபியைக் கழற்றச் சொன்னவர்களும் இருந்தார்கள். அது சரியாகத்தானே வேலை செய்கிறது!

இப்போது அடுக்களை, குளியலறை, மோட்டார் மூன்றுக்கும் எர்த்தோடு, பைப்புக்குள் ஓடும் புது வயர் லைன். முன்கட்டில் அதே ரீப்பர், அதே சுவிட்ச், வயர் மட்டும் புது பிவிசி செம்பு, கூடவே எர்த் வயர். எல்இடி, ஃபேன் தவிர அதில் எதுவும் ஓட்டுவதில்லை.

உருண்டை சுவிட்ச் கடையில் புதிதாகவும் கிடைக்கும், ஆனால் நான் வாங்கியவற்றில் பித்தளை மெலிசு. வீடு இடிக்கும் இடங்களில் கேட்டு வாங்கி, தொடும் முனைகளைத் துடைத்துப் போடுங்கள். கட்டையில் கரையான் பார்த்துக்கொள்ளுங்கள்.