தவக்காலச் செபக்கூடம்: கிடுகுக் கொட்டிலா, மண்டபமா, வாடகைக் கூடாரமா?

கோயில் கூரை பிரித்து வேலை நடக்கும் பங்கிலும், கோயிலே இல்லாத புதுக் குடியிருப்பிலும் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் நெருங்கும்போது கேள்வி ஒன்றுதான்: நாற்பது நாளும் எங்கே கூடுவது? திருகோணமலையில் இதற்கு மூன்று வழிகள் நடைமுறையில் உண்டு. ஊரின் பொதுநோக்கு மண்டபத்தையோ முன்பள்ளியையோ கேட்டு வாங்கலாம். கூடாரம் அல்லது தகரப் பந்தல் வாடகைக்கு எடுக்கலாம். காணி ஒன்றில், பின்னிய தென்னோலையான கிடுகால் வேய்ந்த கொட்டில் போடலாம். வீட்டு விறாந்தையை நான்காவதாகச் சொல்வார்கள். அயலில் உள்ள சில குடும்பங்கள் சேரும் அன்பியச் செபத்துக்கு, பதினைந்து பேர் என்றால், அது போதும். அதற்கு மேல் போனால் அது "அவையளின்ட வீடு" ஆகிவிடும். அந்த வீட்டாரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் வாசலோடு நின்றுவிடுவார். புதிதாகக் குடிவந்தவர் வரவே மாட்டார்.

எங்கள் தேர்வு கிடுகுக் கொட்டில். பெப்ரவரி முதல் ஓகஸ்ட் வரை, 60 பேர் அளவுக்கு, வேறொன்றையும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

மண்டபத்தின் நன்மைகள் தெரிந்தவைதான்: கூரை, மின்சாரம், மலசலகூடம், பூட்டு. குறைகளில் இரண்டை உடனே சரிசெய்யலாம். வெறும் சீமெந்துச் சுவரில் குரல் எதிரொலித்து வாசகம் விளங்காமல் போகும். பின்சுவரில் தடித்த திரையோ நான்கைந்து பன் பாயோ தொங்கவிட்டால் பாதி குறையும். அஸ்பெஸ்டஸ் கூரை பின்னேரம் நான்கு மணிக்கும் அனலைக் கக்கும். செபத்தை ஆறரைக்குப் பிறகு வைத்தால் தாங்கலாம்.

மூன்றாவது குறைதான் எங்களைக் கொட்டிலின் பக்கம் தள்ளியது. மண்டபத்தில் செபக்கூடம் நிலைத்து நிற்காது. ஒவ்வொரு நாளும் அதைப் புதிதாக உண்டாக்கி, முடிந்ததும் இல்லாமல் செய்ய வேண்டும். காலையில் முன்பள்ளிப் பிள்ளைகள், இடையில் தாய் சேய் சிகிச்சை நிலையம், சனிக்கிழமை சங்கக் கூட்டம் என்று அது வேறு ஆட்களின் இடம். 60 கதிரை விரித்து, மேசையைப் பீடமாக்கி, துணி, சிலுவை, மெழுகுதிரி, மைக் வைத்து முடிக்க மூன்று பேருக்கு 40 நிமிடம். திரும்ப எடுத்து அடுக்கிக் கூட்டிப் பூட்ட 30 நிமிடம். நாளுக்கு 70 நிமிடம் என்றால் நாற்பது நாளுக்கு 46 மணித்தியாலத்துக்கு மேல். முதல் கிழமை பத்துப் பேர் கை கொடுப்பார்கள். மூன்றாம் கிழமையில் அதே மூன்று பெண்கள்தான் நிற்பார்கள். ஐந்தாம் கிழமையில் அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அன்று செபம் அரை மணி பிந்தும். பிந்தினால், அடுத்த நாள் வேலையால் வருகிறவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

இன்னொன்றும் இருக்கிறது. செபம் நடக்கும் ஒரு மணி நேரம் போக மற்ற நேரமெல்லாம் மண்டபம் பூட்டுத்தான். ஆசுபத்திரியில் ஆளைப் பார்த்துவிட்டு இரண்டு மணிக்கு வருகிறவர், சந்தை முடித்துத் திரும்பும் மீன்காரப் பெண், பரீட்சைக்குப் போகும் பிள்ளை, இவர்கள் செப அட்டவணை பார்த்து வருகிறவர்கள் அல்லர். பக்கம் திறந்த கொட்டிலில் பகல் முழுவதும் ஒரு வாங்கும், மரச்சிலுவையும், நிழலும் இருக்கும். யாரையும் கேட்காமல் வந்து ஐந்து நிமிடம் இருந்துவிட்டுப் போகலாம். தற்காலிகச் செபக்கூடம் ஒன்று ஊராருக்கு உண்மையில் பயன்பட்டதா என்று அறிய, ஆராதனைக்கு வந்த தொகையை விட, ஆராதனை இல்லாத நேரத்தில் வந்தவர்களை எண்ணிப் பார்க்கச் சொல்வோம். ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: திறந்திருக்கும் இடம் ஆளில்லாத இடமாகத் தெரியக் கூடாது. பின்னேரம் நான்கு முதல் ஆறு வரையாவது யாரோ ஒருவர் முறை வைத்து அங்கே இருக்க வேண்டும். செபமாலை சொன்னாலும் சரி, கீரை ஆய்ந்தாலும் சரி.

வாடகைக் கூடாரத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு திருவிழா என்றால் அதைவிட வசதியானது இல்லை. காலையில் வந்து மாலையில் போய்விடும். நாற்பது நாளுக்கு வாடகை ஏறிக்கொண்டே போகும். காற்றும் பெரிய சிக்கல். உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோர மணலில் முளை அடித்தால் பிடிக்காது. கையால் இழுத்தாலே வரும். ஒவ்வொரு காலுக்கும் மணல் பை கட்ட வேண்டும். யூரியா வந்த 50 கிலோ உரப்பையை முழுக்க மணலால் நிரப்பினால் 90 கிலோவைத் தாண்டிவிடும், ஒருவரால் தூக்க முடியாது. பாதிக்கு மேல் கொஞ்சம் நிரப்பி, வாயைத் தைத்து, காலுக்கு இரண்டாக வைத்தால் 100 கிலோ கிடைக்கும். மழையென்றால் கூரை தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 10 அடிக்கு 10 அடித் துணியில் ஓர் அங்குலம் தண்ணீர் தேங்கினால் 230 கிலோவுக்கு மேல் பாரம். கூடாரங்கள் பல காற்றை விட இந்தத் தண்ணீரால்தான் சரிகின்றன. தகரப் பந்தல் காற்றுக்கும் மழைக்கும் நிற்கும். ஆனால் மழைத்துளி விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் குரலும் கேட்காது. பலருக்கு அது செத்த வீட்டை நினைவூட்டும் என்பதையும் ஒதுக்கிவிட முடியாது.

இனிக் கொட்டில்.

அளவு 16 அடி அகலம், 30 அடி நீளம். நீளவாட்டில் கிழக்கு மேற்காகப் போடுங்கள். மேற்கு ஓரத்தில் 7 அடி பீடத்துக்கு விட்டால், மிச்சம் ஏறத்தாழ 370 சதுர அடியில் 60 கதிரை கொள்ளும். முன்னுக்கு இரண்டு பன் பாய் விரித்தால் பிள்ளைகள் இருப்பார்கள். பீடம் கிழக்கில் இருப்பதுதான் மரபு என்பார்கள், உண்மைதான். ஆனால் மேற்கை கிடுகுத் தட்டியால் அடைத்து அதன் முன் பீடத்தை வைத்தால் பின்னேர வெயில் கண்ணில் அடிக்காது, மேற்கிலிருந்து வரும் மேமாதக் கச்சான் காற்று மெழுகுதிரியை அணைக்காது. கிழக்கு வாசல் திறந்திருப்பதால் கடற்காற்று நேரே உள்ளே வரும். தட்டிக்கும் கூரைக்கும் இடையே ஓர் அடி இடைவெளி கட்டாயம் விடுங்கள். கிழக்கால் புகுந்த காற்று வெளியேற வழியில்லாமல் போனால் கூரையை அடியிலிருந்து தூக்கும்.

கப்பு, அதாவது நாட்டும் மரக்கால், நீளப்பக்கத்துக்கு நான்கு வீதம் எட்டு, 10 அடிக்கு ஒன்று. முகட்டைத் தாங்க இரு ஓரத்திலும் ஒவ்வொன்று. உள்ளே நடுக்கப்பு நாட்டினால் பீடம் மறையும். அதற்குப் பதிலாக இரண்டு இடத்தில் பனந்துண்டைக் குறுக்கு வளையாகப் போட்டு அதன்மேல் குத்துக்கால் நிறுத்தலாம். கன்னியாப் பக்கத்து இறுகிய மண்ணில் இரண்டரை அடிக் குழி போதும். கரையோர மணலில் மூன்றரை அடி தோண்டி, கப்பின் அடியில் ஒரு முழத் தடி ஒன்றைக் குறுக்கே கட்டிப் புதைக்க வேண்டும். காற்று தூக்கும்போது அந்தக் குறுக்குத்தடி மேலுள்ள மணலையும் சேர்த்துத் தூக்க வேண்டி வரும், அதனால் கப்பு வராது. இறவாரம் 7 அடி, முகடு 12 அடி. இதைவிடத் தட்டையாகப் போட்டால் ஒழுகும்.

இறவாரம் ஒன்றரை அடி வெளியே நீட்டினால் கூரையின் பரப்பு 700 சதுர அடி வரும். 5 அடி நீளக் கிடுகை ஆறு அங்குலம் வெளியே தெரிய அடுக்கினால் 310 முதல் 320 வரை போகும். தட்டிக்கும் உடைசலுக்கும் சேர்த்து 350 வாங்குங்கள். மழையையும் தாங்க வேண்டுமென்றால் நான்கு அங்குலம் மட்டும் தெரிய நெருக்கி அடுக்க வேண்டும், கூரைக்கு மட்டும் 470 வரை ஆகும். பச்சை வாடை அடிக்கும் கிடுகை வாங்காதீர்கள். காயும்போது சுருங்கி இரண்டு கிழமையில் வெளிச்சம் தெரியும். வேய்ந்து முடிந்ததும் மேலே பழைய மீன்வலையை விரித்து நாலு பக்கமும் கப்பில் இழுத்துக் கட்டிவிடுங்கள். திருக்கடலூரிலோ சல்லியிலோ கேட்டால் கழித்த வலை கிடைக்கும். கிடுகு பறப்பதை ஆணியோ கயிறோ இந்த வலை அளவுக்குத் தடுக்காது.

கொட்டிலின் உண்மையான அபாயம் நெருப்பு. கச்சான் அடிக்கும் நாட்களில் கிடுகு தீக்குச்சி மாதிரிக் காய்ந்திருக்கும். பீடத்து மெழுகுதிரி இரண்டும் கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கட்டும். நேர்த்தி மெழுகுதிரிகளுக்கு வெளியே, இறவாரத்திலிருந்து 10 அடி தள்ளி, மணல் நிரப்பிய தகரத் தட்டு ஒன்று வையுங்கள். உள்ளே கொளுத்த வேண்டாமென்று சொல்லிக்கொண்டிருப்பதை விட, வெளியே வசதியான இடம் ஒன்று கொடுத்தால் சனம் தானாக அங்கே போகும். வயரைக் கிடுகோடு கட்டக் கூடாது, பீ.வீ.சீ. குழாய்க்குள் விட்டுக் கப்போடு இறக்குங்கள். எல்.ஈ.டி. குமிழ் மட்டும், சூடாகும் ஃபோகஸ் விளக்கு ஒன்றும் வேண்டாம். இரண்டு வாளி தண்ணீர், இரண்டு வாளி மணல், வாசலில், எப்போதும். அந்தத் தண்ணீரை யாராவது பூச்செடிக்கு ஊற்றிவிடுவார்கள். முறையில் இருப்பவர் தினமும் பார்க்க வேண்டிய முதல் வேலை அதுதான்.

தரைக்கு 3 அங்குலம் கிரவல் போட்டு நனைத்து இறுக்கினால் தூசு எழாது. வெறும் மணலென்றால் சக்கர நாற்காலி புதையும், ஊன்றுகோல் வழுக்கும். வாசலில் அரை அடி உயரம் இருந்தால் 6 அடி நீளச் சரிவுப் பாதை வேண்டும், அகலம் 3 அடி. செருப்பைக் கழற்றி விட்டு வருவதுதான் நம் வழக்கம். நடுப்பகலில் வாசல் மணல் கால் வைக்க முடியாமல் சுடும். செருப்பு விடும் இடத்தையும் நிழலுக்குள் கொண்டுவாருங்கள், பக்கத்தில் கால் கழுவத் தண்ணீர் வையுங்கள். மலசலகூடத்துக்கு அயல்வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. வயதானவர்கள் இது தெரியாமலே வராமல் நின்றுவிடுவார்கள்.

குருத்தோலைத் தோரணத்தை 7 அடிக்குக் கீழே கட்டாதீர்கள். மாடு எல்லா இடத்திலும் வரும். பிரெட்றிக் கோட்டைப் பக்கம், நகரக் கடற்கரைப் பக்கம் என்றால் மான்களும் வந்து ஓலையையும் பீடத்துப் பூவையும் தின்றுவிட்டுப் போகும்.

வாசல் பலகையில் நேரங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். ஒலிபெருக்கி போடுவதென்றால் பொலிஸ் அனுமதி வேண்டும். உண்மையில் 60 பேருக்குத் திறந்த கொட்டிலில் மைக் தேவையில்லை. பாடற்குழுவுக்கு ஒரு சின்னப் பெட்டி வைத்தாலும் அதை உள்நோக்கித் திருப்புங்கள். பக்கத்துப் பள்ளிவாசலின் மஃரிப் பாங்கு, அதாவது மாலைத் தொழுகை அழைப்பு, முடிந்த பிறகு தொடங்கினால் இரு பக்கத்துக்கும் அமைதி. கோயில் திருவிழா நடக்கும் தெருவென்றால் நிர்வாகத்தாரை நேரில் போய்ப் பார்த்து நேரத்தைப் பேசிக்கொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும், இது தற்காலிகமானது, இன்ன திகதியில் பிரிக்கப்படும் என்று எழுத்தில் கொடுப்பது பின்னால் வரும் பல கேள்விகளை முன்னமே தீர்த்துவிடும்.

கத்தோலிக்கருக்கு ஒரு வரையறை. திருச்சபைச் சட்டம் 932, தேவை ஏற்பட்டால் புனித இடத்துக்கு வெளியே தகுந்த இடத்தில் திருப்பலி நிறைவேற்ற இடமளிக்கிறது. பொருத்தமான மேசை போதும், ஆனால் பீடத் துணியும் திருமேனித் துகிலும் கட்டாயம். நற்கருணையைக் கொட்டிலில் வைத்துவிட்டுப் போக முடியாது. சட்டம் 938, நற்கருணை வைக்கும் பேழை அசைக்க முடியாததாகவும் உறுதியானதாகவும் பூட்டியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. திருப்பலி முடிந்ததும் மிச்சத்தைப் பங்குத்தந்தை கொண்டுபோக ஒழுங்கு செய்ய வேண்டும். மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபையாரும் இதே அமைப்பைத் திருவிருந்து மேசையும் வாசக மேடையுமாகப் பயன்படுத்தலாம்.

மாரிக்கு மட்டும் எங்கள் வார்த்தை மாறும். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை மண்டபத்துக்குப் போங்கள். கிடுகை நெருக்கி அடுக்கினால் ஓரிரு மழையைத் தாங்கும் என்று சொல்லலாம், முழுப் பருவத்தையும் தாங்கும் என்று சொல்லத் துணிய மாட்டோம். 2020 டிசம்பர் 2 இரவு புரேவிப் புயல் கரையேறியது இந்த மாவட்டத்தின் வடகரையில்தான். ஒக்டோபர் செபமாலை மாதத்தைக் கொட்டிலில் தொடங்கி மண்டபத்தில் முடிக்க வேண்டி வரலாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தகரப் பெட்டியில் துணி, சிலுவை, கூட்டு விளக்கு, பாட்டுப் புத்தகங்களை வைத்து, மூடியின் உட்புறத்தில் பட்டியலை ஒட்டிவிடுங்கள்.

பிரிக்கும்போது கிடுகை எரிக்காதீர்கள். ஒரு பருவம் வெயில் பார்த்த கிடுகு கூரைக்கு இனி உதவாது, வேலி அடைக்க இன்னும் ஒரு வருடம் வரும். கூரைக்குக் காசு போட்ட வீடுகளுக்கு இருபது இருபதாகக் கட்டிக் கொடுக்கலாம், காணி தந்தவரின் வேலியை முதலில் அடைத்துவிட்டு. கப்புகளின் அடியில் மண்ணைத் தட்டிக் காயவிட்டு, கறையான் அரித்ததைக் கழித்து, மிச்சத்தைச் செங்கல் மேல் அடுக்கி வைத்தால் அடுத்த தவக்காலத்துக்கு வாங்க வேண்டியது கிடுகும் கயிறும் மட்டும்.