உயர்தர உயிரியலைச் சேர்ந்து மீட்டுதல்: குப்பியா, தாள் மாற்றித் திருத்துவதா?

பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் உயர்தரப் பரீட்சைக்கு முந்திய ஏழு மாதங்கள், யாழ்ப்பாணத்தில் நண்பன் ஒருவனின் வீட்டு விறாந்தையில் நாங்கள் நால்வர் கூடி உயிரியலை மீட்டினோம். முதல் மூன்று மாதங்கள் அலகுகளைப் பங்கு பிரித்து, ஒருவர் படித்துவந்து மற்ற மூவருக்கும் சொல்லிக்கொடுத்தோம். பல்கலைக்கழக மாணவர்கள் ‘குப்பி’ என்று சொல்வது இதைத்தான். அதன்பின் கடந்தகால வினாத்தாள்களை நேரம் வைத்துத் தனித்தனியே எழுதி, விடைத்தாள்களை மாற்றித் திருத்தும் முறைக்கு வந்தோம். என் சாய்வு இரண்டாவதன் பக்கமே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குப்பியின் நன்மைகள் எல்லோரும் அறிந்தவை: சொல்லிக்கொடுப்பவருக்குப் பாடம் பதியும், சோம்பல் குறையும், செலவு தேநீரோடு முடிந்துவிடும். ஆனால் சொல்பவர் பிழையாக விளங்கியிருந்தால் அந்தப் பிழையும் எல்லோருக்கும் பரவிவிடும். கலச்சுவாசத்தைப் பொறுப்பெடுத்த நண்பன், கிளைக்கோப்பகுப்பில், அதாவது குளுக்கோசு உடையும் முதற்கட்டத்தில், ஒரு குளுக்கோசு மூலக்கூறுக்கு நான்கு ஏடிபி (கலம் சக்திக்குப் பயன்படுத்தும் மூலக்கூறு) கிடைக்கும் என்று அழகாகப் படம் கீறி விளக்கினான். உருவாவது நான்குதான், தொடக்கப் படிகளில் இரண்டு செலவாகிவிடுவதால் தேறுவது இரண்டே. அடுத்த தவணைப் பரீட்சையில் தேறிய எண்ணிக்கையைக் கேட்டிருந்தார்கள். நால்வரும் ஒற்றுமையாக நான்கு என்று எழுதியிருந்தோம்.

தாள் மாற்றித் திருத்துவதை நான் மேலாகக் கருதுவதற்கு ஒரே காரணம், பரீட்சை எதற்குப் புள்ளி கொடுக்கிறது என்பதை அது கண்முன் வைக்கிறது என்பதாகும். இரண்டாம் வினாத்தாளில் மூன்று மணித்தியாலத்துக்குள் நான்கு அமைப்புக் கட்டுரை வினாக்களையும், ஆறு கட்டுரை வினாக்களில் நான்கையும் எழுத வேண்டும். கட்டுரை ஒன்றுக்கு 150 புள்ளி. பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தைப் பார்த்தால், ஒரு கட்டுரை முப்பத்தைந்து, நாற்பது சிறு குறிப்புகளாக உடைக்கப்பட்டு, குறிப்பு ஒன்றுக்கு 4 புள்ளி என்ற கணக்கில் இருக்கும். ஆகவே பாடம் முழுவதும் விளங்கியவரும் நான்கு குறிப்புகளை ஒரே வசனத்தில் மழுப்பிவிட்டால் 16 புள்ளியை இழக்கிறார்.

சிறுநீர் உருவாதல் பற்றிய கட்டுரையில் இது எனக்கே நடந்தது. சிறுநீரகத்தில் வடிகட்டியாக இருக்கும் குருதிக்குழாய் முடிச்சான கலன்கோளத்தில் குருதி உயர் அமுக்கத்தில் வடிக்கப்படுகிறது என்று எழுதிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டேன். அமுக்கம் ஏன் உயர்கிறது, அதாவது குருதியை உள்ளே கொண்டுவரும் உட்காவு புன்னாடியின் விட்டம், வெளியே கொண்டுபோகும் வெளிக்காவு புன்னாடியின் விட்டத்திலும் பெரிது என்பது, என் தாளில் எங்குமே இல்லை. இதையே இரண்டு வாரம் முன்னர் மற்ற மூவருக்கும் கையால் சைகை காட்டிச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். வாயால் சொல்லும்போது கேட்பவர் தலையாட்டிவிடுவார், விடுபட்டதைத் தானே நிரப்பியும் கொள்வார். திருத்துபவருக்கு அந்தச் சலுகையைக் கொடுக்க வழியில்லை.

நண்பனின் தாளென்றால் கை இளகத்தான் செய்யும். அதற்காக ஒரு விதி வைத்தோம்: புள்ளி கொடுப்பவர், திட்டத்தில் அது எத்தனையாவது குறிப்பு என்ற இலக்கத்தை ஓரத்தில் எழுத வேண்டும்; இலக்கம் இல்லையென்றால் புள்ளியும் இல்லை. முதல் வாரம் இரண்டு சண்டைகள் வந்தன. பிறகு ஓரத்து இலக்கங்களைப் பார்த்தே யார் எந்தப் படியைத் தாண்டிப் போகிறார் என்று தெரிந்தது. பல்கலைக்கழக அனுமதி இடங்களில் 55 வீதம் மாவட்ட அடிப்படையில் போகும்போது, உன்னோடு போட்டியிடும் அதே மாவட்டத்துப் பிள்ளைக்கு ஏன் உழைக்கிறாய் என்று வீட்டில் ஒருமுறை கேட்டார்கள். ஒருவர் தாளைத் திருத்தும்போது அந்தக் கட்டுரையின் குறிப்புகள் எல்லாம் எனக்கும் பாடமாகிவிடுகின்றன என்பதே என் பதிலாக இருந்தது.

நேரம்தான் இந்த முறையின் பெரிய செலவு. ஒரு கட்டுரையை ஒழுங்காகத் திருத்த எங்களுக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. தொடாத அலகொன்றில் வினா வந்தால் வெற்றுத்தாளை மாற்றிக்கொள்வதில் பயனில்லை. அங்கே குப்பியே சரி, அதுவும் தேசிய கல்வி நிறுவகத்தின் வள நூலை நடுவில் திறந்து வைத்துக்கொண்டு. முதலாம் வினாத்தாளின் 50 பல்தேர்வு வினாக்களுக்கு இரண்டு முறையுமே அவ்வளவாக உதவவில்லை. பிழையான தெரிவுகள் ஏன் பிழை என்று வாதாடியது சற்று உதவியது. அதைப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் தொடங்கினோம் என்பதால், உறுதியாகச் சொல்ல என்னிடம் போதிய அனுபவம் இல்லை. நால்வருக்கு மேற்பட்ட குழுவில் தாள் மாற்றுவது எப்படிப் போகும் என்பதும் நான் பார்க்காத விடயம். ஐந்தாவதாக ஒருவர் சேரக் கேட்டபோது, விறாந்தையில் மேசை போதாது என்று சொல்லிச் சமாளித்துவிட்டோம்.