"ஸ்கேனர் கனெக்ட் ஆகல" என்று சொல்லி ரூ. 18,500 பிடுங்கிவிட்டார்கள், மதுரைக்காரர்கள் கவனம்

வயிறு எரிந்துபோய் எழுதுகிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த காருக்கு ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போய்விட்டது என்று சொல்லி, மதுரையில் ஒரு கார் எலக்ட்ரிக்கல் கடையில் என்னிடம் 18,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள்.

திருமங்கலத்திலிருந்து வரும்போது கப்பலூர் டோல்கேட் தாண்டியதும் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஸ்டார்ட்டிங், இழுவை எதிலும் குறை இல்லை. கடையில் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும், கோளாறு பார்க்கும் ஸ்கேனரை இணைக்கிற ஓபிடி சாக்கெட்டில் கனெக்டரைச் செருகினார்கள். ஸ்கேனர் டேப்லெட் மாதிரி, வயர் இல்லாதது. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, வண்டியோடு தொடர்பு இல்லை என்று காட்டியது.

அந்த இடத்தில்தான் கடைக்காரர் என்னை விழவைத்தார். அவசரப்படுத்தவே இல்லை. டீ வாங்கி வரச் சொன்னார். டிஸ்பிளேயை என் பக்கம் திருப்பி, "நான் சொல்றத நம்ப வேணாம்ணே, மெஷின் சொல்றதப் பாருங்க" என்றார். கம்பெனியில் போனால் இரண்டு மடங்கு ஆகும், ரீகண்டிஷன் ஈசிஎம் போட்டுத் தருகிறேன் என்றார். சாயங்காலம் போனால் ஸ்கேனர் கனெக்ட் ஆகிறது, விளக்கும் அணைந்திருக்கிறது. 18,500 ரூபாயை யுபிஐயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி தனியா ஆகும்ணே" என்று ஒரு துண்டுச் சீட்டு.

சில நாளில் அதே விளக்கு மறுபடியும் எரிந்தது. போன் செய்தால் மாஸ்டர் வெளியூர் என்றார்கள். நேரில் போனால், "ரீகண்டிஷனுக்கு கேரண்டி எல்லாம் கிடையாதுண்ணே." பழைய ஈசிஎம்மையாவது கொடுங்கள் என்றேன். "எக்ஸ்சேஞ்சுல போயிருச்சு." கடைசியில் கடைக்காரர் வெளியே வரவே இல்லை, பையனை விட்டுப் பேச வைத்தார்.

மேலூரில் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். ஈசிஎம் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. மேலே படிந்த தூசிகூடக் கலையவில்லை. ஃப்யூஸ் பாக்ஸில் மட்டும் ஒரே ஒரு ஃப்யூஸ் புத்தம் புதிதாக இருந்தது, சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கான ஃப்யூஸ். பல வண்டிகளில் ஓபிடி சாக்கெட்டுக்கும் அதே ஃப்யூஸ்தானாம், என் வண்டியிலும் அப்படித்தான். அது போனால் கனெக்டருக்குக் கரண்ட் வராது. டேப்லெட் தன் பேட்டரியில் எரியும், வண்டியோடு மட்டும் பேசாது. வெகுநாளாக அந்த சாக்கெட்டில் போன் சார்ஜ் ஏறாமல் இருந்ததும், கடையிலிருந்து வந்த பிறகு ஏறியதும் இதனால்தான். அவர் ஸ்கேனரில் P0135 என்று கோளாறு எண் வந்தது, புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட் கோளாறு. விளக்கு எரிந்தது இதற்குத்தான். கடையில் அந்தக் கோளாறு எண்ணை ஸ்கேனரில் அழித்து விளக்கை அணைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சில்லறைக் காசு ஃப்யூஸுக்கு 18,500 ரூபாய்! தெரிந்தே செய்த திருட்டு இது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. இவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஈசிஎம் அடியோடு செத்திருந்தால் எஞ்சின் ஓடாது. வண்டி ஓடும்போது ஸ்கேனர் கனெக்ட் ஆகவில்லை என்றால் முதலில் ஃப்யூஸைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் மல்ட்டிமீட்டர் வைத்து, ஓபிடி சாக்கெட்டின் 16ஆம் பின்னில் பேட்டரி வோல்ட் வருகிறதா, 4, 5ஆம் பின்களில் எர்த் இருக்கிறதா என்று உங்கள் கண் முன்னால் பார்க்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால் வேறொரு ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். மாற்றுகிறேன் என்றால் பழைய பொருளைக் கையில் வாங்காமல், பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லப் போகிறேன். துண்டுச் சீட்டும் யுபிஐ ரசீதும் பத்திரமாக இருக்கின்றன. 18,500 ரூபாயை விடுவதாக இல்லை.