ரோமில் முதல் மாலையிலேயே 260 யூரோ போயிற்று: குழுச் சுற்றுலா செல்வோர் கவனத்திற்கு

நேற்று முன்தினம் இரவுதான் இத்தாலியிலிருந்து சென்னை திரும்பினோம். பெட்டிகளை இன்னும் பிரிக்கக்கூட இல்லை. எட்டு நாள் குழுச் சுற்றுலாவின் முதல் மாலையிலேயே, எங்கள் குடும்பத்தினர் நால்வரிடமும் ஆளுக்கு 65 யூரோ வீதம் 260 யூரோவை, அதாவது 26,000 ரூபாய்க்கு மேல், ரொக்கமாக வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள். இன்று மதியம் அந்தச் சுற்றுலா நிறுவனத்தின் அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த பதிலைக் கேட்ட பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஃபியுமிசினோ விமான நிலையத்தில் எங்களை வரவேற்ற சுற்றுலா மேலாளர் நல்ல தமிழ் பேசினார். முழங்கால் வலியுள்ள என் தந்தையின் பெட்டியைத் தாமே தூக்கிப் பேருந்தில் வைத்தார். என் தாயாரிடம், "இந்த எட்டு நாளும் என்னை உங்க புள்ளையா நினைச்சுக்கோங்கம்மா" என்றார். அந்த ஒரு சொல்லில்தான் நாங்கள் விழுந்தோம். மாலை ஆறு மணிக்கு விடுதியின் வரவேற்பறையில் எல்லாரையும் கூட்டி, அன்றிரவு மட்டும் ரோம் இரவு உலா உண்டு என்றும், பேருந்து, உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி, காதில் மாட்டிக் கேட்கும் கருவி, பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலுக்கான நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்து 65 யூரோ என்றும், உடனே கொடுக்காவிட்டால் இடம் கிடைக்காது என்றும் சொன்னார். ரசீது கேட்டேன். "நோட்டுல எழுதிக்கிட்டேன் சார், ஆபீஸ்ல இருந்து வந்துடும்" என்றார். அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

பழைய நகரத்துக்குள் பெரிய பேருந்துகளை விடமாட்டார்கள் என்பதை டைபர் ஆற்றங்கரையில் இறக்கிவிட்ட பிறகுதான் அறிந்தோம். கல் பாவிய தெருக்களில் அப்பா கைத்தடியோடு நடந்தார். வழிகாட்டி வரவில்லை, அவருக்கு உடல்நலமில்லையாம். கருவியும் இல்லை. உரிமம் இல்லாதவர் விளக்கிப் பேசினால் இத்தாலியில் அபராதம் போடுவார்கள் என்று சொல்லி மேலாளர் வாயைத் திறக்கவே இல்லை. நவோனா சதுக்கத்தில் சிற்பி பெர்னினி 1651இல் முடித்த நான்கு நதிகள் நீரூற்றின் முன் நின்று, "இதில் கங்கை எது?" என்று அம்மா கேட்டார். ஊரில் புறப்படும்போதிருந்தே அவர் பார்க்க ஆசைப்பட்டது அதைத்தான். பதில் சொல்ல ஆளில்லை. நீண்ட துடுப்பைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் ஆண் உருவம்தான் கங்கை என்பதை நான் அன்றிரவு அறைக்குத் திரும்பிய பிறகு கைப்பேசியில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பாந்தியனை நாங்கள் அடைந்தபோது மணி எட்டேகால். அது மாலை ஏழு மணிக்கே மூடப்படுகிறது! கம்பியே வைக்காமல் கட்டிய, 43 மீட்டர் விட்டமுள்ள அந்தக் கான்கிரீட் குவிமாடத்தை உள்ளே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று வந்த என் தந்தை, பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அங்கே 2023 ஜூலையில் நுழைவுக் கட்டணத்தைத் தொடங்கியபோது வாங்கியது 5 யூரோ. எங்களிடம் வாங்கியது 65. கடைசியாக ஸ்பானியப் படிக்கட்டில் கால் வலி தாங்காமல் அப்பா உட்கார்ந்ததும் காவலர் விசிலடித்து எழுப்பினார். அங்கே அமர்வதற்கு 2019 முதல் தடை இருக்கிறது. அதைக்கூட மேலாளர் முன்கூட்டிச் சொல்லவில்லை.

மறுநாள் காலை கேட்டதற்கு, "ஃபிளாரன்ஸ் போனதும் பேசலாம்" என்றார். ஃபிளாரன்ஸில் கேட்டபோது, "ஊருக்குப் போய் ஆபீஸ்ல கேளுங்க, நான் சொல்லிட்டேன்" என்றார். வெனிஸில் என் அழைப்பை எடுக்கவே இல்லை. இன்று அலுவலகத்தில், "விருப்பச் சுற்றுலாவுக்கு (விரும்புவோர் மட்டும் தனியே பணம் கொடுத்துச் செல்வது) வாங்கிய பணம் எங்கள் கணக்கில் வரவில்லை, அது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான விஷயம்" என்று கூறி, தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 260 யூரோவைப் பற்றி நான் எங்கள் சுற்றுலாவின் வாட்ஸாப் குழுவில் எழுதிய ஐந்தாவது நிமிடம் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். நிறுவனத்தின் சட்டை அணிந்து, நிறுவனத்தின் சுற்றுலாவில் வைத்து வாங்கிய பணம் எப்படித் தனிமனிதர் விஷயமாகும்?

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போதுள்ள மனநிலையில் இவ்வளவுதான் வருகிறது. முதல் மாலை, பயணக் களைப்பில் இருக்கும்போது, யார் கேட்டாலும் ரொக்கம் கொடுக்காதீர்கள். ரசீது கையில் வராமல் பணப்பையைத் திறக்காதீர்கள். உலாவில் சொல்லப்படும் ஒவ்வோர் இடமும் எத்தனை மணிக்கு மூடப்படும் என்று அங்கேயே பாருங்கள். நவோனா சதுக்கமும் ஸ்பானியப் படிக்கட்டும் நுழைவுக் கட்டணமில்லாத திறந்த வெளிகள். நாளை காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுக்கப் போகிறேன். எங்களோடு வந்தவர்கள் இதைப் படித்தால், அன்று மாலை கொடுத்த தொகையை எழுதி வைத்து நீங்களும் தனித்தனியே புகார் கொடுங்கள்.