மூன்று வருடம் நாக்கடியில் விட்ட சொட்டு மருந்து

சென்னைக்கு வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் தும்மல் ஆரம்பித்தது. காலையில் கண் விழித்ததும் இருபது முப்பது தும்மல், அப்புறம் மூக்கொழுகல், கண் அரிப்பு, மதியத்துக்குள் தலைபாரம். எட்டு வருடம் இரவில் ஒரு செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டுதான் படுத்தேன். போட்டால் அடங்கும், விட்டால் மறுநாளே திரும்பும். இதற்கு வேறு வழி உண்டு என்று அத்தனை வருடத்தில் ஒரு டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

கடைசியில் ஒரு அலர்ஜி டாக்டரிடம் போனேன். தோல் பரிசோதனைக்கு முன் ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். அந்த வாரம் பெரும் கஷ்டம். சோதனையில் வலி இல்லை. முன்கையில் பேனாவால் எண் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அலர்ஜி தரக்கூடிய ஒரு பொருளின் சாற்றை ஒரு சொட்டு வைத்து ஊசி முனையால் லேசாகக் குத்துகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சொட்டு உப்புநீர், ஒரு சொட்டு ஹிஸ்டமின் (அலர்ஜி வந்தால் உடம்பில் வெளிப்பட்டு அரிப்பைத் தரும் பொருள்). முன்னது தடிக்கக் கூடாது, பின்னது தடிக்க வேண்டும். அப்போதுதான் மற்றவற்றை நம்பலாம். கால் மணி நேரம் சொறியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மகரந்தம், கரப்பான், பூனை எல்லாம் சும்மா இருக்க, ஹிஸ்டமின் வைத்த இடம் தவிர இரண்டே இடம் கொசு கடித்தது போல வெள்ளையாகத் தடித்துச் சுற்றிலும் சிவந்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் பெரியது 7 மில்லிமீட்டர். உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டர் கூடினாலே பாசிட்டிவ்.

இரண்டும் டஸ்ட் மைட் வகைகள். மெத்தையிலும் தலையணையிலும் நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று வாழும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அதன் கழிவுதான் மூக்கைப் படுத்துகிறது. காற்றில் ஈரம் மிகுந்த கடலோர ஊர் அதற்கு நன்றாக ஒத்துப்போகும்.

எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதையே துளித்துளியாகக் கொடுத்து உடம்பைப் பழக்குவதுதான் சிகிச்சை. 1911இல் லண்டனில் லெனார்ட் நூன் என்ற மருத்துவர் புல் மகரந்தச் சாற்றை ஊசியாகப் போட்டு வெளியிட்ட முறையின் தொடர்ச்சி இது. ஊசி என்றால் ஒவ்வொரு முறையும் போட்ட பின் அரை மணி நேரம் கிளினிக்கிலேயே இருக்க வேண்டும். அபூர்வமாக உடம்பு முழுக்கத் தடித்து மூச்சு முட்டலாம். அதே சாற்றை நாக்கடியில் விடும் சொட்டு மருந்தும் உண்டு, அதில் அந்த ஆபத்து குறைவு. நான் சொட்டைத் தேர்ந்தெடுத்தேன். முதல் சொட்டு மட்டும் டாக்டர் முன்னால்.

தினமும் காலையில் நாக்கடியில் விட்டு இரண்டு நிமிடம் வைத்திருந்து விழுங்க வேண்டும். கிளிசரின் கலந்திருப்பதால் லேசாக இனிக்கும். முதல் வாரங்களில் நாக்கடியும் காதின் உட்புறமும் அரித்தன. பிறகு தானாகவே அடங்கிவிட்டது. பல் பிடுங்கியபோது புண் ஆறும்வரை நிறுத்தி, டாக்டரைக் கேட்டுத்தான் மறுபடி தொடங்கினேன். மருந்து ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும் என்பதால் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஐஸ் பை கூடவே வரும்.

முதல் ஆறு மாதம் ஒரு மாற்றமும் இல்லை. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். போட்ட மாத்திரைகளை காலண்டரில் குறித்துவந்தேன். தொடக்கத்தில் மாதம் இருபத்தைந்துக்கு மேல். ஒரு வருட முடிவில் பதினைந்து. இரண்டாம் வருடம் ஆறு ஏழு. மூன்றாம் வருடம் சில மாதம் ஒன்றுகூட இல்லை. கூடவே படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தேன், பழைய இலவம்பஞ்சு மெத்தையைக் கழித்தேன். அதற்கும் பங்கு உண்டு. செலவு குறைவில்லை, மூன்று வருடம் மாதாமாதம் தனியாக எடுத்துவைக்க வேண்டியிருந்தது.

ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்கள் முதலில் அதைச் சரிசெய்துகொண்டுதான் இதற்கு வரவேண்டும். வேர்க்கடலை போன்ற உணவு அலர்ஜி உள்ளவர்கள் வீட்டில் தாங்களாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று பழகப் பார்க்காதீர்கள். உயிருக்கே ஆபத்து.

மருந்தை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. முன்பெல்லாம் போகிக்கு வீடு சுத்தம் செய்யும்போது அம்மா என்னைத் தெருவுக்கு அனுப்பிவிடுவார். இந்தப் போகிக்குப் பரணை நானே ஏறி ஒழித்தேன். நாலு தும்மல் வந்தது. இறங்கி முகம் கழுவிவிட்டு மறுபடி ஏறினேன்.