பின்னறை ரேடியேட்டரும் கோர்ட்டன் காற்று வென்ட்களும்: ஒரு குளிர்கால அனுபவ மதிப்பீடு

நியூஜெர்சியில் நாங்கள் வாங்கிய வீடு 1920களில் கட்டப்பட்டது. நிலவறையில் ஒரு எரிவாயு பாய்லர், அறையைச் சூடாக்க அறைக்கொன்றாக வார்ப்பிரும்பு ரேடியேட்டர், ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் ஒரே ஒரு குழாய். நீராவி ஏறுவதும் அது குளிர்ந்து நீராகித் திரும்புவதும் அந்த ஒரே குழாயில்தான். முதல் குளிர்காலத்திலேயே மாடியின் பின்னறை ரேடியேட்டர் தொல்லை கொடுக்கத் தொடங்கியது. வால்வு வரை குழாய் கை வைக்க முடியாமல் சுடும்; ரேடியேட்டரின் பத்துப் பட்டைகளில் முதல் இரண்டு வெதுவெதுக்கும்; மற்ற எட்டும் சில்லென்று கிடக்கும். அதே நேரத்தில் முன்கூடத்தில் சன்னலைத் திறந்து வைக்க வேண்டிய அளவுக்கு வெக்கையாக இருக்கும்.

பழுது பார்க்க வந்த நிறுவனத்தின் ஆள் பத்து நிமிடத்தில் பாய்லரின் அழுத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, அடுத்த ஆண்டு பாய்லரையே மாற்றிவிடலாம் என்று ஒரு விலை மதிப்பீட்டையும் கொடுத்துச் சென்றார். பின்னறை அப்படியே இருந்தது. எரிவாயுக் கட்டணம்தான் கூடியது. இத்தகைய வீட்டு அமைப்புகள் 2 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) உட்பட்ட அழுத்தத்தில் இயங்கும்படி அமைக்கப்பட்டவை. கார் டயரில் 30 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு குறைவு என்று புரியும். ஒரு பங்கு நீர் ஏறத்தாழ 1,700 பங்கு நீராவியாக விரிவதால், அதைத் தள்ளப் பம்பும் வேண்டாம், பெரிய அழுத்தமும் வேண்டாம். அதற்கு முன்னால் நிற்கும் காற்று வெளியேற வழி இருந்தால் போதும்.

நம் சமையலறைக் குக்கரில் இதைத் தினமும் பார்க்கிறோம். ஆவி நேராகச் சீறி வந்த பிறகே வெயிட் போடுகிறோம். அதுவரை வெளியேறுவது உள்ளிருந்த காற்று. ரேடியேட்டரின் கடைசிப் பட்டையில் திருகப்பட்டிருக்கும் வென்ட் அந்த வேலையைத் தானாகவே செய்கிறது. காற்று வரும்வரை திறந்திருந்து, நீராவியின் சூடு பட்டதும் மூடிக்கொள்கிறது. நிலவறையில் ஓடும் முதன்மைக் குழாயின் கோடியிலும் இதைவிடப் பெரிய வென்ட் ஒன்று இருக்க வேண்டும் என்பதை நான் தாமதமாகவே அறிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் அது இருந்தது. ஆனால் பழைய உரிமையாளர் அடித்த வெள்ளைப் பெயின்டுக்குள் துருப்பிடித்த கட்டியாக இருந்தது. பாய்லரை அணைத்து, குழாய் ஆறிய பிறகு கழற்றி வாயால் ஊதிப் பார்த்தேன். துளியும் காற்றுப் போகவில்லை.

அதன் இடத்தில் கோர்ட்டன் நிறுவனத்தின் 2ஆம் எண் முதன்மை வென்டைப் பொருத்தினேன். கையில் எடுத்தால் கனமாக, உலோகச் சொம்பு போல இருக்கும் பொருள் இது. உயரமும் அதிகம் என்பதால், குழாய்க்கும் கூரைக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துவிட்டு வாங்குவது நல்லது. முன்பு பாய்லர் கொதித்த பிறகு குழாயின் கோடிக்குச் சூடு சென்று சேர 25 நிமிடம் ஆனது. இப்போது எட்டு நிமிடத்தில் சேர்ந்துவிடுகிறது. செலவிட்ட பணத்தில் அதிகம் பயன் தந்தது இதுதான்.

ரேடியேட்டர் வென்ட்களை அந்நிறுவனம் 4, 5, 6, சி, டி என்று வேகவாரியாக விற்கிறது. 4 மெதுவாகவும் டி மிக வேகமாகவும் காற்றை விடும். எண்ணிலிருந்து எழுத்துக்கு ஏன் தாவினார்கள் என்று கேட்காமல், வேகத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அறையின் வெப்பத்தைப் பார்த்து பாய்லரை இயக்கி நிறுத்தும் தெர்மோஸ்டாட் எங்கள் வீட்டில் முன்கூடத்தில் இருக்கிறது. அங்கிருந்த ரேடியேட்டர் முந்திச் சூடேறியதால், பின்னறைக்கு நீராவி போய்ச் சேருமுன்பே தெர்மோஸ்டாட் பாய்லரை நிறுத்திவிட்டது. ஆகவே முன்கூடத்துக்கு 4ஐயும் பின்னறைக்குச் சி வகையையும் மாட்டினேன். டெஃப்லான் டேப் சுற்றிக் கையால் திருகி, கடைசியில் ஸ்பேனரால் மெல்ல இறுக்கினால் போதும். வலுக்கட்டாயமாகத் திருகினால் பழைய வார்ப்பிரும்பில் மரை கெட்டுவிடும். வேகத்தைத் திருகி மாற்றிக்கொள்ளும் வசதி இவற்றில் இல்லை. அந்த வசதியுள்ள வேறொரு மலிவான வென்டை முதலில் வாங்கி, ஒரே வாரத்தில் அது மரத்தரையில் பழுப்பு நீரைத் துப்பக் கண்டவன் என்பதால், இதை நான் பெரிய குறையாகக் கருதவில்லை.

அந்த நீர்த்துப்பலுக்கு மலிவான வென்டை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. ரசமட்டத்தைப் பின்னறை ரேடியேட்டர் மேல் வைத்தபோது குமிழி வால்வுப் பக்கம் ஓடியது. அதாவது வாட்டம் தலைகீழாக இருந்ததால், குளிர்ந்த நீர் குழாய்க்குத் திரும்பாமல் வென்ட் பக்கமே தேங்கியிருந்தது. வென்ட் பக்கக் கால்களுக்கு அடியில் இரண்டு வாஷர்கள் வைத்ததும் இரவில் கேட்ட சுத்தியல் அடிச் சத்தமும் நின்றுவிட்டது. வால்வும் பாதி திறந்தே இருந்தது. ஒற்றைக் குழாய் அமைப்பில் வால்வை முழுதாகத் திறக்க வேண்டும் அல்லது முழுதாக மூட வேண்டும்; சூட்டைக் குறைக்க அதைப் பாதியில் நிறுத்தினால், ஏறும் நீராவியும் இறங்கும் நீரும் ஒன்றையொன்று மறிக்கும். இவற்றைச் சரிசெய்யாமல் எந்த வென்டை வாங்கினாலும் பணம் வீண்தான். கூட்டி வைக்கப்பட்டிருந்த அழுத்தத்தையும் பழைய அளவுக்கே இறக்கிவிட்டேன்.

இப்போது காலையில் பின்னறை வென்ட் மெல்லப் பெருமூச்சு விடுவது கேட்கிறது. சற்று நேரத்தில் ஒரு சிறு ‘டிக்’ ஒலியோடு அது அடங்கும்போது கடைசிப் பட்டையும் சுடுகிறது. கடுங்குளிர் நாட்களில் முன்கூடம்தான் சற்றுப் பின்தங்குகிறது. அங்கே 4க்குப் பதிலாக 5ஐ மாட்டிப் பார்க்கலாம் என்று ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.