சி70 டேங்க் துரு: பால் ஆசிட்டா, சிட்ரிக் ஆசிட்டா, கரண்டா?

பழைய ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் என்ஜினுக்காக அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. சி70 சேர்ந்த சூப்பர் கப் வரிசை முதலில் வந்தது 1958இல். 2017இல் அந்த வரிசையின் மொத்த உற்பத்தி 10 கோடியை எட்டியது. அவ்வளவு ஓடிய வண்டிக்குப் பிஸ்டனும் கிளட்ச் தட்டும் கேஸ்கெட்டும் கிடைக்காமல் போகாது. மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ரப்பர் எஸ்டேட் சூழ்ந்த ஊரிலும் மோட்டார் கடையில் சொல்லி வைத்தால் வாங்கித் தருவார்கள். சீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஒரிஜினல் பெட்ரோல் டேங்க் அப்படியில்லை. துரு தின்று ஓட்டை விழுந்துவிட்டால், அதே தகட்டில் அதே அளவில் இன்னொன்று தேடி அலைய வேண்டியதுதான். அதனால் துரு எடுக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கும்போது, எது வேகமானது என்பதைவிட எது தகட்டை விட்டுவைக்கும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

நம் பக்கத்துச் சீதோஷ்ணம் டேங்குக்கு எதிரி. பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். மாலை மழையில் டேங்க் குளிரும்போது மூடியின் சிறு துளை வழியாக ஈரக்காற்று உள்ளே வரும். டேங்க் பாதி காலியாக இருந்தால் அந்த ஈரம் மேல் தகட்டில் வேர்த்து, சொட்டி, பெட்ரோலுக்கு அடியில் போய்த் தங்கும். சி70 டேங்க்கில் பெட்ரோல் இறங்க இரண்டு குழாய்கள் உண்டு: ஒன்று சாதாரண ஓட்டத்துக்கு, மற்றது பெட்ரோல் தீரும் நேரத்துக்கான ரிசர்வ். ரிசர்வ் குழாய் அடிமட்டத்திலிருந்து இழுக்கும், அங்கேதான் தண்ணீரும் துருவும் சேர்ந்து கிடக்கும். சாதாரணமாக நன்றாக ஓடும் மோட்டார் ரிசர்வில் போட்டதும் திணறினால், கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் டேங்க்கைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று ஞாபகம் வருவது பால் ஆசிட், அதாவது ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்தான். அது ஃபார்மிக் ஆசிட். துருவைக் கரைக்கும் என்பது உண்மை, வேகமாகவே கரைக்கும். ஆனால் துரு முடிந்த இடத்தில் அது நிற்காது. அடுத்து இரும்பைத் தின்னத் தொடங்கும். நாற்பது, ஐம்பது வருடம் ஆன டேங்க்கின் அடித் தையலில், அதாவது தகடுகள் சேரும் இடத்தில், தகடு ஏற்கெனவே மெலிந்து போயிருக்கும். அங்கே இந்த வேகம் நமக்கு வேண்டாம். அப்புறம் அதன் ஆவி. கலக்காத ஆசிட் தோலில் பட்டால் புண்ணாகும், ஆவி கண்ணையும் நுரையீரலையும் தாக்கும். ரப்பர் பால் கொட்டாயில் அதை நிறையத் தண்ணீர் கலந்து, பழகிய கையால் புழங்குவார்கள். வீட்டுக் கொல்லையில் பிள்ளைகள் சுற்றி வர வைத்துச் செய்கிற வேலை இல்லை இது. டாய்லெட் கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இன்னும் மோசம்: தையலுக்குள் கொஞ்சம் தங்கினாலும், கழுவி முடித்த பிறகும் துருவை வளர்த்துக்கொண்டே இருக்கும்.

வினிகர் சாதுவானது. கடையில் கிடைப்பதில் அசெட்டிக் ஆசிட் 5 சதவீத அளவில்தான் இருக்கும், அதனால் வேலை நாள்கணக்கில் இழுக்கும். டேங்க்கை விளிம்பு வரை நிரப்ப எத்தனை பாட்டில் வேண்டும் என்று கணக்குப் போட்டால் மலிவும் போய்விடுகிறது. மேலாகப் படிந்த துருவுக்கு அது சரி.

என் முதல் தேர்வு சிட்ரிக் ஆசிட். கேக் சாமான் விற்கும் கடையில் வெள்ளைப் பொடியாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் போதும்; சி70 டேங்க்குக்கு அரை கிலோவுக்கு மேல் தேவைப்படாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தால் வேகம் கூடும். முதலில் பெட்ரோலை முழுக்க வடித்து, பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு உள்ளே நன்றாகக் குலுக்கிக் கழுவுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் ஆசிட் பிடிக்காது. இரண்டு குழாயிலும் பழைய ஹோஸ் துண்டைச் செருகி, மறுமுனையில் ஒரு போல்ட்டை முறுக்கிக் கிளிப் போட்டால் ஒழுகாது. கரைசலைக் கழுத்து வரை ஊற்றுங்கள், ஏனென்றால் மேல் கூரையிலும் துரு பிடித்திருக்கும். மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு உண்டாகும். ஒரு இரவு கழித்துப் பார்த்தால் கரைசல் பச்சை கலந்த மஞ்சளாக மாறியிருக்கும், தகடு மங்கிய சாம்பல் நிறத்தில் தெரியும். அவ்வளவுதான், வடித்துவிடுங்கள். வாரக்கணக்கில் விட்டால் சிட்ரிக்கும் இரும்பை அரிக்கும், ஆனால் கவனித்து நிறுத்த நமக்கு நேரம் தருகிறது. இந்த நிதானத்துக்காகவே இதை விரும்புகிறேன்.

துரு பொருக்குப் பொருக்காகத் தடித்திருந்தால் கரண்ட் முறையைப் பற்றி யோசிக்கலாம். தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து நிரப்பி, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை டேங்க்கிலும், பாசிட்டிவை உள்ளே தொங்கும் இரும்புக் கம்பியிலும் கொடுக்க வேண்டும். கம்பி டேங்க்கைத் தொடவே கூடாது. நல்ல தகட்டை இது தின்பதில்லை, அந்த விஷயத்தில் சிட்ரிக்கையும் மிஞ்சிவிடுகிறது. ஆனால் கம்பிக்கு நேரெதிரே இருக்கும் இடம்தான் நன்றாகச் சுத்தமாகும். சி70 டேங்க்கின் மூலை முடுக்குகளுக்குச் சரியாக எட்டாது. ஹைட்ரஜன் வேறு வெளியேறும், அதனால் திறந்த வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில், பெட்ரோல் வாடையே போன பிறகுதான் செய்ய வேண்டும். கிளிப்பை மாட்டுவதும் கழற்றுவதும் சார்ஜரை அணைத்த பிறகே. எவர்சில்வர் கம்பியைப் போடாதீர்கள்: அதிலிருக்கும் குரோமியம் நச்சாகக் கரைந்து வரும். இவ்வளவு ஏற்பாடும் யமஹா ஆர்எக்ஸ்இசட் மாதிரி டேங்க் வெளியே தெரியும் வண்டிக்குத் தகும், ஆசிட் சிந்திப் பெயிண்ட் பாழாகுமோ என்ற பயம் அங்கே உண்டு. சீட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் சி70 டேங்க்குக்குச் சிட்ரிக்கை இரண்டாம் முறை ஊற்றுவதே சுலபம்.

உள்ளே பூசும் எபாக்ஸி பிசின் கோட்டிங்கை நான் சிபாரிசு செய்வதில்லை. துருவின் மேல் பூசினால் பிறகு தோலுரிந்து, உரிந்த துண்டு ரிசர்வ் குழாயை அடைக்கும். அதைச் சுரண்டி எடுப்பது துருவை எடுப்பதைவிடப் பெரிய பாடு.

எந்த முறையானாலும் கழுவிய பிறகு வரும் அரை மணி நேரம்தான் முக்கியம். சுத்தமான இரும்பு ஈரத்தில் நின்றால் காய்வதற்குள் செம்மஞ்சள் பொடி படியும், செய்த வேலை வீண். வெயில் ஏறும் காலை நேரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். ஆசிட் ஊற்றியிருந்தால் சமையல் சோடா கலந்த தண்ணீரால் ஒருமுறை அலசி, நல்ல தண்ணீரால் கழுவி, உடனே முடி உலர்த்தும் மெஷினால் சூடான காற்றை உள்ளே விடுங்கள். கை வைத்தால் தகடு சூடாகவும் உள்ளே ஈரம் இல்லாமலும் இருக்க வேண்டும். ஆற விட்டு, கொஞ்சம் 2டி (டூ-ஸ்ட்ரோக் என்ஜினுக்கான) எண்ணெயை ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்டுங்கள். வண்டியில் பூட்டியதும் பெட்ரோலை முழுக்க நிரப்பி, இனிமேலும் நிறைத்தே வையுங்கள்.

துரு போனதும் ஊசித்துளை தெரிந்தால் சிட்ரிக்கைத் திட்டாதீர்கள், அந்தத் துளையை அதுவரை துருதான் அடைத்துக்கொண்டிருந்தது. ஈயப் பற்று வைத்து அடைக்கலாம். ஆனால் பெட்ரோல் இருந்த டேங்க்கை அப்படியே வெல்டிங் கடையில் கொடுக்கக் கூடாது, உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். நன்றாகக் கழுவி, தண்ணீர் நிரப்பிக் கொண்டுபோய், பெட்ரோல் டேங்க் வேலை தெரிந்த ஆளிடம் கொடுங்கள்.

புதிதாக நிரப்பிய பெட்ரோல் தீரும்வரை கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தை அவ்வப்போது கழற்றிப் பாருங்கள். கறுப்புப் பொடி வந்தால் அது பழைய கசடு, துடைத்துவிட்டு ஓட்டலாம். செம்மண் நிறத்தில் வந்தால் எங்கோ ஒரு மூலையில் துரு இன்னும் இருக்கிறது. டேங்க்கை இறக்கி மறுபடியும் சிட்ரிக் ஊற்ற வேண்டும்.